அச்சு, ஹப், பிரேக்: எண்ணூர்–அத்திப்பட்டு வட்டாரத்தின் லாரிப் பட்டறைகள்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ரயில் பாதையில் எண்ணூருக்கு அடுத்தது அத்திப்பட்டு புதுநகர், அதற்கு அடுத்தது அத்திப்பட்டு. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய இந்தத் தாழ்நிலம் ஒரு காலத்தில் நெல்லும் உப்பும் மீனும் தந்த பூமி. இன்று அனல்மின் நிலையங்கள், துறைமுகம், எண்ணெய் எரிவாயு முனையங்கள், சிமென்ட் அரவை ஆலைகள் என்று நெருங்கிக் கிடக்கிறது. இவற்றுக்கிடையே போய்வரும் சரக்கில் ரயிலும் கன்வேயரும் எடுத்தது போக மீதி முழுவதும் லாரியின் தலையில் விழுகிறது. அந்த லாரிகளில் கணிசமானவை பழையவை. பழைய கனரக லாரியில் எஞ்சினுக்கு அடுத்தபடியாகப் பட்டறைக்கு வேலை தருபவை அதன் அச்சு, ஹப், பிரேக் ஆகிய மூன்றும்தான். தேய்ந்துபோன இந்த மூன்றையும் சரிசெய்யும் தொழில் வடசென்னைச் சாலைகளில் எப்படி வளர்ந்தது என்பது, அந்தச் சாலைகளில் ஏறிய பாரத்தின் வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது.

லாரியின் பின்பக்க அச்சு வெளிப்பார்வைக்கு ஒரே தண்டு போலத் தெரியும். உண்மையில் அது இரண்டு பொருள். வெளியே தெரிவது ‘ஹவுசிங்’ எனப்படும் தடித்த இரும்புக் கூடு. நடுவில் பானைபோல் புடைத்து, அதற்குள் கிரவுன் பல்சக்கரமும் பினியனும் இருக்கும். கூட்டின் இரு முனைகளும் குழாயாக நீண்டு, அவற்றின் மேல் இரண்டிரண்டு பேரிங்குகளில் ஹப் சுழலும். சக்கரமும் பிரேக் ட்ரம்மும் ஹப்பில் மாட்டப்பட்டவை. கூட்டுக்குள்ளே ஓடும் ஆக்சில் ஷாஃப்ட்டுக்குப் பாரம் தாங்கும் வேலை கிடையாது. சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று விழாது. வண்டியைத் தூக்காமலே ஹப்பின் முகத்தில் உள்ள நட்டுகளைக் கழற்றி, முறிந்த துண்டை உருவி எடுத்து, வேறொன்றைச் செருகிவிடலாம். நடுரோட்டில் நிற்கும் லாரிக்கு ஓட்டுநரும் கிளீனருமே ஷாஃப்ட் மாற்றிக்கொண்டு கிளம்புவது இந்த அமைப்பால்தான் முடிகிறது. பாரம் முழுவதும் ஹவுசிங் முனை மீதும் ஹப் பேரிங் மீதும் இறங்குகிறது. பட்டறையின் பெரிய வேலைகள் அங்கேதான் பிறக்கின்றன.

இதற்கு முன்மாதிரி மாட்டுவண்டியிலேயே உண்டு. அங்கே அச்சுக்கு இருசு என்று பெயர், ஹப்புக்குக் குடம். இருசு சுழலாது, குடம்தான் அதன் மேல் சுழலும். மரக் குடத்தின் துளைக்குள் இரும்புக் குழல் இறுக்கி, வண்டி மை தடவி, கடையாணி போட்டு நிறுத்துவார்கள். குழல் தேய்ந்து சக்கரம் ஆடத் தொடங்கினால் கொல்லர் பழைய குழலைத் தட்டி எடுத்துவிட்டு வேறு குழல் இறுக்குவார். சக்கரத்தைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். தேய்ந்த பொருளைத் தூக்கி எறியாமல், தேய்ந்த இடத்துக்கு மட்டும் புது உலோகம் சேர்ப்பது, காய்ச்சிப் பொருத்திக் குளிரவைத்து இறுக்குவது என்ற இரண்டு வழிகளும் லாரிப் பட்டறையில் இன்றும் அப்படியே நடக்கின்றன. கருவி மாறியிருக்கிறது: உலையும் துருத்தியும் இருந்த இடத்தில் கேஸ் கட்டரும் கடைசல் எந்திரமும்.

மோட்டார் லாரி சென்னைக்கு வந்தது வெளிநாட்டுச் சரக்காக. ஃபோர்டு நிறுவனம் 1926இல் இந்தியாவில் கிளை தொடங்கி, பம்பாய், கல்கத்தாவோடு சென்னையிலும் வண்டிகளைப் பூட்டி விற்றது. உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும். வராவிட்டால் இருப்பதைக் கொண்டு சமாளிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலே கிடைக்காமல் கரிவாயுவில் லாரி ஓட்டிய நாட்களில், பேரிங்குக்கும் பிரேக் லைனிங்குக்கும் எவ்வளவு பஞ்சம் இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, செவ்ரலே, டாட்ஜ் லாரிகள் ஏலத்தில் வெளிவந்தன. ‘டிஸ்போசல்’ வண்டிகள் என்று பெயர் பெற்ற இவை விலை மலிவு. ஆனால் நாளாக ஆக, அவற்றுக்குரிய பாகங்கள் தேடினாலும் கிடைக்காதவையாயின. ஒரு வண்டியின் ஹப்பை இன்னொரு வண்டியின் அச்சுக்குப் பொருத்துவது, அளவு பொருந்தாத பேரிங்குக்கு ஸ்லீவ் கடைந்து போடுவது போன்ற வித்தைகளைப் பட்டறைக்காரர்கள் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அந்த டிஸ்போசல் லாரிதான் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த நிலையில்தான் எண்ணூர் வரலாற்றுக்குள் வருகிறது. ரகுநந்தன் சரண் 1948இல் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அசோக் என்பது அவர் மகனின் பெயர். எண்ணூர் ஆலையில் முதலில் பூட்டப்பட்டவை ஆஸ்டின் கார்கள். 1950இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டது. அங்கே முதலில் பூட்டப்பட்ட லேலண்ட் வண்டிகள் நான்கு காமெட் டிப்பர்கள். அவற்றை வாங்கியது மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை. 1953இல் ஒன்றிய அரசு சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, உள்நாட்டில் படிப்படியாகப் பாகங்களை உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் வண்டி பூட்டும் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின; எண்ணூர் நிறுவனம் உற்பத்திக்கு இறங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. மறுபக்கம் ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் கூட்டுறவில் லாரி செய்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தமிழ்நாட்டுப் பட்டறையின் வேலை பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களுக்குள் அடங்கிவிட்டது. பட்டறைத் தொழிலுக்கு இது சிறிய விஷயமல்ல. பத்து நாட்டு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த மேஸ்திரி, இரண்டே வகை ஹப்பின் அளவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளும் நிலை வந்தது.

பாகங்கள் செய்யும் ஆலைகள் 1960களில் சென்னையின் வடமேற்கு விளிம்பில் வரிசையாக எழுந்தன. டி.வி.எஸ். குழுமம் பாடியில் 1960இல் வீல்ஸ் இந்தியாவையும், 1962இல் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன் ஆகியவற்றையும் தொடங்கியது. சுந்தரம்-கிளேட்டன் செய்தது காற்று பிரேக் அமைப்புகள். கூட்டாளி இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர். அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங்ஸ் 1964இல் வந்தது. பேரிங்குகள் ஜெய்ப்பூரிலிருந்து வந்தன. சக்கரத்தின் ரிம் முதல் பிரேக் லைனிங் வரை எண்ணூருக்கு முப்பது கிலோமீட்டருக்குள் உற்பத்தியான காலம் அது. அதனால் பட்டறையில் பழையதைச் செப்பனிடும் வேலை நின்றுவிட்டதா என்றால், இல்லை. புது லாரிக்கே வருடக்கணக்கில் பதிவு செய்து காத்திருந்த காலத்தில், வண்டி வைத்திருந்தவர் அதை விடாமல் ஓட்டினார். ஓட்டுவதற்குப் பட்டறை வேண்டியிருந்தது. ஒரு புது ஹப்பின் விலைக்கு எதிரே கடைசல்காரரின் அரைநாள் கூலி என்று கணக்குப் பார்த்தால் விடை எப்போதும் ஒன்றுதான்.

ஹப் வேலை எப்படி நடக்கிறது என்பதை வரிசையாகப் பார்க்கலாம். வண்டியை ஜாக்கியில் ஏற்றிக் கட்டை கொடுத்த பின், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது முதல் சோதனை. ஆட்டம் இருந்தால் ஆக்சில் ஷாஃப்ட்டை உருவி, லாக் நட்டையும் வாஷரையும் எடுத்து, ஹப்பை ட்ரம்மோடு இழுப்பார்கள். உள்ளே இருப்பவை கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் பேரிங்குகள். அமெரிக்க வண்டித் தச்சர் ஹென்றி டிம்கன் 1898இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு, மேலிருந்து அழுத்தும் பாரத்தையும் வளைவில் பக்கவாட்டில் தள்ளும் பாரத்தையும் ஒருசேரத் தாங்கும். இறுக்கத்தை நட்டு மூலம் கூட்டிக் குறைக்கலாம் என்பது அதன் பெரிய நன்மை. தப்பாக இறுக்கிவிடலாம் என்பது அதன் பெரிய தொல்லை. ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் உட்கார்ந்ததும் கால் சுற்றுக்குள் தளர்த்தி, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் ஐந்து பங்கு வரை ஆட்டம் விட வேண்டும். அனுபவமுள்ள கை இதை அளவுகோல் இல்லாமலே செய்கிறது. இறுக்கம் கூடினால் ஐம்பது கிலோமீட்டருக்குள் ஹப் தொட முடியாமல் சுடும்; தளர்ந்தால் உருளைகள் குதித்து, பேரிங்கின் வெளிவளையமான கப், ஹப்புக்குள் சுழலத் தொடங்கும்.

கப் சுழன்றுவிட்டால் புது பேரிங் போட்டும் பயனில்லை. அது உட்காரும் இடமே பெரிதாகிவிட்டிருக்கும். அவசரத்துக்கு உள்சுவரில் பஞ்ச் வைத்துப் புள்ளிபுள்ளியாகக் குத்தி மேடு எழுப்பி, அதன் மேல் கப்பை அடித்து இறக்குவார்கள். அந்தப் புள்ளிகள் சில வாரங்களில் நசுங்கிவிடும். முறையான வழி, ஹப்பை லேத்தில் கட்டித் துளையைப் பெரிதாக்கி, எஃகு ஸ்லீவ் கடைந்து, ஹப்பைக் காய்ச்சி இறுக்குவது. இதே நோய் ஹவுசிங் முனைக்கு வந்தால் வேலை இன்னும் கடினம். உள்பேரிங் தன் இருக்கையில் சுழன்று குழாயைத் தின்றிருக்கும். பற்றவைத்து உலோகம் ஏற்றிக் கடைவது ஒரு வழி. சூடு ஏறி முனை வளையும், உலோகத்தின் உறுதி குலையும் என்பது அதன் குறை. தேய்மானம் மிஞ்சினால் முனையையே அறுத்துவிட்டு வேறு முனையைப் பொருத்திப் பற்றவைப்பார்கள். அப்போது இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க, கூட்டின் வழியே நீளத் தண்டு ஒன்றைச் செருகி வைத்துக்கொண்டே பற்றவைக்க வேண்டும். நேர்கோடு தவறினால் டயர் ஒருபக்கமாகத் தேய்ந்து காட்டிக்கொடுக்கும். முன்பக்க அச்சு வேறு வகை: அடித்து உருவாக்கிய எஃகு உத்தரம், அதன் முனைகளில் சக்கரம் திரும்புவதற்கான கிங் பின். கிங் பின் புஷ் மாற்றி ரீமர் போடுவது அன்றாட வேலை. வளைந்த உத்தரத்தைக் காய்ச்சி நிமிர்த்துவது செய்யக்கூடாத வேலை. எஃகுக்குக் கொடுத்திருக்கும் பதம் அதனால் போய்விடும்.

பிரேக் வேலை ஹப் வேலையோடு பிறந்த இரட்டை. ஹப்பின் ஆயில் சீல் கிழிந்தால் கசியும் கிரீஸும் ஆயிலும் நேரே பிரேக் லைனிங் மீது போய்ச் சேரும்; அந்தச் சக்கரம் பிடிக்காமல் வழுக்கும்; எதிர்ப்பக்கம் இழுக்கும். மாறாக, பிரேக் விடாமல் உரசிக்கொண்டே ஓடினால் ட்ரம்மின் சூடு ஹப்புக்குப் பரவி, கிரீஸ் உருகி வழிந்து, பேரிங் காய்ந்து கருகும். அதனால் நல்ல பட்டறையில் ஒன்றைத் திறந்தால் மற்றதையும் பார்க்காமல் மூடுவதில்லை. லைனிங், ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவின் மேல் ரிவிட் அடித்துப் பொருத்தப்படுவது. தேய்ந்து தேய்ந்து ரிவிட் தலை வெளிப்பட்டால் அது ட்ரம்மில் வட்டவட்டமாகப் பள்ளம் போடும். பள்ளம் விழுந்த ட்ரம்மைக் கடைந்து சமப்படுத்தலாம். ஆனால் விட்டம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்கு மேல் கூடினால் கழித்துவிட வேண்டும் என்பது பொதுவான வரம்பு. சுவர் மெலிந்த ட்ரம் சீக்கிரம் சூடேறி வெடிப்புக் காணும். ஓர் அச்சின் இடது வலது ட்ரம்கள் இரண்டையும் ஒரே அளவுக்குக் கடைய வேண்டும் என்பதும், லைனிங்கை ஜோடியாகவே மாற்ற வேண்டும் என்பதும் தொழிலின் பால பாடங்கள். காசு மிச்சம் பிடிக்க, கடைந்து பெரிதான ட்ரம்முக்குள் ஷூவின் முனையில் தகடு பற்றவைத்து இடைவெளியைக் குறைக்கும் தந்திரமும் உண்டு. அது ஒரு பயணத்துக்கு உதவலாம். லைனிங்கின் வளைவும் ட்ரம்மின் வளைவும் ஒட்டாமல் போவதால் பாதிப் பரப்புதான் பிடிக்கும்.

பழைய லாரிகள் பலவற்றில் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கியது. வெற்றிடமோ காற்றோ அதற்குத் துணை. எண்ணெய்க் குழாயில் ஒரு கசிவு போதும், மிதி தரைக்குப் போய்விடும். வண்டி கனக்கக் கனக்க, முழுக் காற்று பிரேக் மெல்ல மெல்ல அந்த இடத்தைப் பிடித்தது. எஞ்சினோடு ஓடும் கம்ப்ரஸர் தொட்டியில் காற்றை நிரப்பும். மிதியை அழுத்தினால் காற்று ஒவ்வொரு சக்கரத்தின் சேம்பருக்கும் போய் டயாப்ரத்தைத் தள்ளும். அதோடு இணைந்த தண்டு ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்பும். ‘எஸ்’ எழுத்துப் போல் வளைந்த கேம் சுழன்று ஷூக்களை விரிக்கும். பட்டறைக்கு இது புதிய வேலைகளைக் கொண்டுவந்தது: கிழிந்த டயாப்ரம், தேய்ந்த கேம் புஷ், தொட்டியில் தேங்கிய தண்ணீர். லைனிங் தேயத் தேயத் தண்டின் ஓட்டம் நீளும். குறிப்பிட்ட எல்லைக்கு மேல் நீண்டால் மிதி இறங்கியும் சக்கரம் பிடிக்காது. அதனால் ஸ்லாக் அட்ஜஸ்டரை ஸ்பேனரால் திருப்பிப் பிரேக் டைட் வைப்பது கிளீனரின் வாராந்தர வேலையானது. காற்றழுத்தத்தைப் பழைய ஆட்கள் இன்றும் பவுண்டுக் கணக்கில்தான் சொல்கிறார்கள். நூறு பவுண்டு ஏறாமல் வண்டியை நகர்த்தக் கூடாது என்பது அவர்களுடைய விதி.

இந்தத் தொழில் எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டுப் பக்கம் நகர்ந்ததற்கு நிலக்கரி ஒரு பெரிய காரணம். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1970இல் இயங்கத் தொடங்கியது. மணலியில் சுத்திகரிப்பு ஆலை அதற்கு முந்தைய ஆண்டு. வட சென்னை அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும் 1994 முதல் 1996 வரை வந்தன. அதற்கான கரியை இறக்கவே திட்டமிடப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2001 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2014இல் காமராசர் துறைமுகம் ஆயிற்று. கரித்தூசு குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகம் நிலக்கரி கையாள்வதை நிறுத்தியது. அந்தச் சரக்கு எண்ணூருக்கு வந்தது. வல்லூர் மின் நிலையம் 2012இலும் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இலும் சேர்ந்தன. மின் நிலையங்களுக்கான கரி கன்வேயரில் போய்விடும். தனியார் ஆலைகளுக்கான கரி, மின் நிலையம் கழிக்கும் உலர் சாம்பல், கன்டெய்னர், எரிவாயு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு ஆகியவை சாலைக்கு வரும். திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையிலும் மீஞ்சூர், மணலிப் பாதைகளிலும் டயர்க் கடை, எலெக்ட்ரீஷியன், லேத், வெல்டிங், ஹப்–பிரேக் வேலை என்று தனித்தனித் தொழில்காரர்கள் பக்கம்பக்கமாக நிற்பது இந்தப் போக்குவரத்தின் பின்விளைவு. ஒருவரே எல்லாம் செய்யும் பழைய மேஸ்திரியின் இடத்தை, ஒருவருக்கொருவர் வேலை அனுப்பும் இந்த வரிசை எடுத்துக்கொண்டது.

இங்கே ஓடும் வண்டிகள் ஏன் பழையவை என்பதற்கு விடை மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், பல அச்சு வண்டிகள் அல்லாத லாரிக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் தேசிய பர்மிட் இல்லை என்கின்றன. பல அச்சு வண்டிக்குப் பதினைந்து. மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் ஓடிய லாரி அந்த வயதைத் தொட்டதும் மாநில எல்லைக்குள் சுருங்குகிறது. விலை இறங்கி இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரிடம் வந்து, துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே குறுந்தூரச் சரக்கு அடிக்கிறது. கிலோமீட்டர் குறைந்ததால் தேய்மானம் குறைந்துவிடும் என்று நினைத்தால் தவறு. நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டரில் பத்து முறை பிரேக் பிடிக்கும் லாரி, துறைமுக வாசல் வரிசையில் ஒரு கிலோமீட்டருக்குள் அதைவிட அதிகமாகப் பிடிக்கிறது. முதல் கியரில் நிறை பாரத்தோடு நகர்ந்து நகர்ந்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கப்படுகிறது. பல்வரிசை வெட்டிய முனையில் மயிரிழை விரிசல் பிறந்து, ஒருநாள் வாசல் மேட்டில் ஏறும்போது முறிகிறது. வேகத்தின் பங்கும் பாரத்தின் பங்கும் கணக்கில் தெளிவு: 16 டன் வண்டியை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக்குகளில் எழும் வெப்பம், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது.

சாம்பலும் உப்பும் இந்த வட்டாரத்துக்கே உரிய இரண்டு எதிரிகள். உலர் சாம்பல் என்பது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த, கண்ணாடி போன்ற நுண்மணிகள். சீல் வழியாக ஹப்புக்குள் புகுந்தால் கிரீஸோடு கலந்து அரைக்கும் பசையாகிவிடும். கடற்காற்றின் உப்பு கேம் ஷாஃப்ட்டையும் ஸ்லாக் அட்ஜஸ்டரையும் துருவால் இறுக்கும். பிரேக் விட்டும் ஷூ திரும்பாமல் நின்றுவிடும். மழைக்காலத்தில் இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மணலி, எண்ணூர்ப் பகுதிகள் நீரில் நின்றன. ஹப் மூழ்கிய வண்டியைக் கழுவி அப்படியே ஓட்டினால், பால்போல் வெளுத்த கிரீஸில் பேரிங் சில வாரங்களில் புள்ளிபுள்ளியாக அரிக்கப்படும். எல்லாச் சக்கரங்களையும் திறந்து, கழுவி, புது கிரீஸ் அடைப்பதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

தேய்மானத்தின் வேகத்தை முடிவுசெய்வதில் பாரத்துக்கு நிகர் வேறில்லை. உருளை பேரிங்கின் ஆயுள், பாரத்தின் மூன்றேகால் அடுக்குக்கும் சற்று மேலான விகிதத்தில் குறைகிறது. பாரம் 20 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி. இரு மடங்கானால் பத்தில் ஒன்று. 1996இல் வகுக்கப்பட்ட வரம்பு, நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கு 10.2 டன், இரண்டு அச்சு லாரியின் மொத்த எடைக்கு 16.2 டன். நடைமுறையில் அதைப் பொருட்படுத்தியவர் குறைவு. சில மாநிலங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அட்டை கொடுத்தே மிகைபாரத்தை அனுமதித்தன. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைத் தடுத்தது. பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்று அச்சு கூடிய லாரிகளின் பெருக்கத்துக்கு இந்த இறுக்கமும் ஒரு தூண்டுதல். தமிழ்நாட்டில் எந்த நிறுவனம் செய்ததாக இருந்தாலும் அவற்றுக்கு ‘டாரஸ்’ என்றே பேர், அசோக் லேலண்ட் வண்டி ஒன்றின் பெயரால். 2018 ஜூலையில் ஒன்றிய அரசு வரம்பையே உயர்த்தியது: ஓர் அச்சுக்கு 11.5 டன், இரண்டு அச்சு லாரிக்கு 18.5, அதிகபட்சம் 55. அடுத்த ஆண்டு மிகைபார அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய்க்கும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்க்கும் ஏறியது. பட்டறையின் கோணத்தில் இதன் விளைவு கலவையானது. மிகைபாரம் குறைந்தால் பேரிங் நீடிக்கும். ஆனால் ஒரு லாரிக்கு நான்காக இருந்த ஹப்புகள் ஆறு, எட்டு என்று பெருகிவிட்டன.

சட்டம் பட்டறைக்கு வேலை தரும் இன்னொரு வழி எஃப்.சி. எட்டு வயது வரையுள்ள சரக்கு லாரிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குமேல் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. காட்டுவதற்கு முந்தைய வாரம் லைனிங் மாற்றுவதும், ஹப் கிரீஸ் போடுவதும், சக்கரத்துக்கு வண்ணம் பூசுவதும் ஒரு சடங்காகவே நிலைத்துவிட்டன. பதினைந்து வயதைத் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரலில் 12,500 ரூபாயானது. பழைய வண்டியை வைத்துக்கொள்வதா விற்பதா என்ற கணக்கில் பட்டறைச் செலவோடு இப்போது இதுவும் சேர்ந்துகொள்கிறது.

இந்த வேலையின் ஆபத்துகள் வேலை அளவுக்குப் பேசப்பட்டதில்லை. நீண்ட காலம் பிரேக் லைனிங்கில் கல்நார் இருந்தது. ட்ரம்மைக் கழற்றியதும் ஏர் ஹோஸால் தூசியை ஊதித் தள்ளுவது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். நுரையீரலைக் கெடுக்கும் இழைகளை மூச்சுக்குள் அனுப்ப அதைவிட எளிய வழி இல்லை. கல்நார் இல்லாத லைனிங்குகள் பரவிய பிறகும் தூசியை ஊதும் பழக்கம் போகவில்லை. காற்று பிரேக்கோடு வந்த இன்னொரு ஆபத்து ஸ்பிரிங் பிரேக் சேம்பர். காற்று இல்லாதபோது வண்டியை நிறுத்திவைக்கும் வலிய சுருள்வில் ஒன்று அதற்குள் அழுத்தப்பட்டிருக்கும். பூட்டுப் போல்ட்டால் வில்லைக் கட்டாமல் மூடியைக் கழற்றினால் அது குண்டுபோல் வெடித்துக் கிளம்பும், ஆட்கள் இறந்திருக்கிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி, கட்டை கொடுக்காமல் அடியில் படுப்பது எல்லாவற்றையும்விடப் பழைய ஆபத்து.

கடந்த பத்தாண்டில் வந்த மாற்றங்கள் வேலையின் தன்மையையே மாற்றுகின்றன. 2015 முதல் கனரக வண்டிகளுக்கு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது, ஹப்போடு பல்வளையமும் சென்சாரும் சேர்ந்தன. சம்மட்டியால் அடித்து ஹப்பை இறக்கும் கை இப்போது சென்சாரைக் காப்பாற்றவும் பழக வேண்டியிருக்கிறது. தானே இறுக்கத்தைச் சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர்கள், கிளீனரின் வாராந்தர ஸ்பேனர் வேலையை எடுத்துக்கொண்டன. அவை பழுதானால் கையால் திருப்பிச் சமாளிப்பது தப்பு. பழுதை மறைக்குமே தவிரத் தீர்க்காது. ஆலையிலேயே கிரீஸ் அடைத்து மூடிய ஒற்றைத் தொகுதி பேரிங்குகளில் ஆட்டம் வைக்கும் வித்தைக்கு இடமில்லை. கெட்டால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். கனரக வண்டிகளின் தகுதிச் சோதனையைத் தானியங்கி நிலையங்களுக்கு மாற்றும் ஏற்பாடு 2023 ஏப்ரலில் தொடங்க வேண்டியது. 2024 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அந்த நிலையத்தில் சக்கரம் உருளைகளின் மேல் நின்று சுழல, ஒவ்வொரு அச்சின் இடது வலதுப் பிடிப்பும் எண்ணாகத் திரையில் வரும். ஒருபக்கம் மட்டும் லைனிங் மாற்றிய வண்டி, புது வண்ணம் பூசியிருந்தாலும் அங்கே தப்ப முடியாது.

பழைய வகை வேலை அதிகம் மிஞ்சியிருப்பது ட்ரெய்லர்களில். முன்னால் இழுக்கும் வண்டி பத்து வருடத்தில் மாறினாலும், பின்னால் இழுபடும் நாற்பதடி ட்ரெய்லர் அதைவிட நீண்ட காலம் ஓடுகிறது. அதன் அச்சுக்குள் ஷாஃப்ட்டோ பல்சக்கரமோ இல்லை. வெறும் குழாய், இரு முனையில் ஹப், டேப்பர் பேரிங், கேம் பிரேக். ஸ்லீவ் போட, முனை மாற்ற, லைனிங் அடிக்க இன்னும் ஏற்றது அதுவே. துறைமுகங்களின் கன்டெய்னர் போக்குவரத்து வளர்ந்ததோடு, அத்திப்பட்டு–மீஞ்சூர்ப் பக்கத்து ஹப்–பிரேக் பட்டறைகளின் அன்றாட வேலையில் ட்ரெய்லரின் பங்கும் ஏறிவந்திருக்கிறது. செப்பனிட முடியாத பொருள்களுக்குப் போகுமிடம் மூன்று. முழு ஹவுசிங்கும் ஓரளவு உயிருள்ள ஹப்பும் சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைக்குப் போகும். முறிந்த ஆக்சில் ஷாஃப்ட்டும் வில்பட்டையும் நல்ல எஃகு என்பதால் கடப்பாரை, உளி, அரிவாள் அடிக்கும் கொல்லர்கள் வாங்குவார்கள். மீதி எடைக்கு விற்கப்படும். வார்ப்பிரும்பு ட்ரம்கள் வார்ப்படச் சாலைகளுக்கும், எஃகுத் துண்டுகள் கும்மிடிப்பூண்டியின் உருக்கு உலைகளுக்கும் இன்னொரு லாரியில் ஏறிப் போகும்.